ஆப்பும் கட்டையும்

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆப்பு.

வைத்தவன் சம்பத். என்னோடு ஒரே நாளில், அதே பராமரிப்புப் பிரிவில், அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். ரேணிகுண்டா சாலையில் இருந்த அந்தக் கார் தொழிற்சாலைக்கு எஞ்சினும் சக்கரங்களும் மரப்பெட்டிகளில் ரயிலில் வந்து இறங்கும். கதவுத் தகடுகளை மட்டும் இங்கேயே பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பார்கள். கார் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுடைய இயந்திரங்கள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எண்ணெய் விடுவோம், பெல்ட் மாற்றுவோம், தேய்ந்ததைக் கழற்றிப் புதிதைப் போடுவோம்.

பெயர் விழுந்த அன்று காலை முழுக்க வேதாச்சலம் மேஸ்திரி ஒரு மோட்டாரை மட்டம் பார்த்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார். "ஆப்பு குடு நைனா, இன்னொரு ஆப்பு குடு" என்று அவர் கேட்கக் கேட்க, நான் பெட்டியிலிருந்து மர ஆப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் பிரஸ் ஓட்டும் ரங்கன், பெல்ட் நழுவுவதைப் பார்த்துவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம், "ஆப்பு! ஆப்பு!" என்று கத்தினார். நான் ஓடினேன். இருந்ததிலேயே நல்ல ஆப்பாகப் பார்த்து எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். அதற்குள் பெல்ட் அறுந்து கூரைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரங்கன் சந்திரகிரிக்காரர், தெலுங்கர். தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு நிறுத்து என்று பொருள். அவர்கள் எழுதுவது ஒற்றைப் பகரம்தான் என்றாலும் வாயில் அது அழுத்தமாக விழும். தமிழ்க் காதுக்கு மர ஆப்பாகவே கேட்கும். நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன், தெலுங்கு தெரியாதவன் அல்ல. கடைத்தெருவில் யாராவது அப்படிக் கத்தியிருந்தால் நின்றிருப்பேன். காலையிலிருந்து காதில் அடித்து இறக்கப்பட்டிருந்த ஆப்புதான் என்னை ஓட வைத்தது.

ரங்கன் என் கையில் இருந்ததைப் பார்த்தார். "தீன்னி எக்கட பெட்டேதிரா, நா நெத்தினா?" என்றார். இதை எங்கேடா வைப்பது, என் தலையிலா என்று கேட்கிறார். சம்பத் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மேஸ்திரி, இவன நம்பி இனிமே ஆப்புன்னு வாய தொறக்க முடியாது. பேசாம மரத்துக்கு கட்டைன்னு பேர் வெச்சிடலாம். ஆப்புன்னா நிறுத்து, கட்டைன்னா கட்டை. சரியா?"

"ஆவட்டும் நைனா. இன்னிலேர்ந்து அதுக்கு கட்டைன்னு நாமகரணம்" என்றார் மேஸ்திரி. பெட்டியில் கிடந்த ஆப்பு ஒன்றை எடுத்து அதன் காதில் மூன்று முறை பெயரும் சொன்னார்.

வேடிக்கையாகத் தொடங்கியதுதான். ஆனால் எங்கள் பிரிவில் அது சட்டமாக நிலைத்துவிட்டது. ஏதாவது கனமான பாகத்தைச் சங்கிலியில் தூக்கி நிறுத்தி அடியில் வேலை செய்யும்போது, முட்டுக் கொடுத்தாயிற்று, இனி பாரத்தை இறக்கி அதன்மேல் உட்கார வைக்கலாம் என்றால், கீழே இருப்பவன் "கட்டை!" என்று குரல் கொடுப்பான். "ஆப்பு!" என்று கேட்டால் சங்கிலி பிடித்தவன் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அந்தச் சட்டம் ஒரு நாளும் தப்பவில்லை.

சம்பத்தும் நானும் திருப்பதியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தோம். அவன் சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஓட்டுவான். எனக்கு வேலை முடிந்தால் ஒரு புத்தகம் போதும். மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பேன். அவனால் அது முடியாது.

"உன்கூட ரூம்ல கீறதும் செவுத்துகூட கீறதும் ஒண்ணுதான் சாந்து. செவுரு புக்கு படிக்காது, அவ்ளோதான் வித்தியாசம்."

என் முழுப் பெயர் சாந்தகுமார். சாந்து என்று சுருக்கியவனும் அவன்தான்.

அப்போது ஆந்திரம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியும் எல்லைப் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சத்தியவேடு மெட்ராஸ் பக்கம் இருந்தது. தொழிற்சாலையில் அப்ரண்டிஸுகளை ஆந்திரப் பிள்ளைகளாகவே எடுப்பது என்று ஏற்பாடு. அதனால் சம்பத் தன் ஊரைச் சொல்லாமல், சித்தூர் மிஷன் காம்பவுண்டில் இருந்த எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்லித்தான் சேர்ந்தான். கேட்டவன் நான் என்பதால் என் அம்மா சம்மதித்தாள். கம்பெனி ஆள் ஒருவர் விசாரிக்க வந்தபோது வாசலில் நின்று, "ஆமாங்க, எங்க வீட்டுப் பையன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர் அவள், ஞானம்மாள். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவள்.

"பொய் சொல்லிட்டேனே தம்பி" என்றாள் என்னிடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த சம்பத்திடம் அதை நான் சொன்னேன். அவன் அடுப்படி வாசலில் போய் நின்றான். "பொய்யின்னு யாருமா சொன்னது? வாராவாரம் இங்க வந்து துன்னுட்டு இங்கயே தூங்கறேன். நெஜமாய்டும்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து வந்ததும் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்தாள். ஜெபத்தில் என் பெயருக்கு அடுத்தாற்போல் அவன் பெயரையும் சொல்லத் தொடங்கினாள். தான் சொன்ன வார்த்தையை மெய்யாக்கிவிட வேண்டும் என்று அவள் பாடுபட்டதைப் போல வேறு யாரும் எதற்கும் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் நாங்கள் பஸ் ஏறும்போது இரண்டு பேருக்குமாக ஒரு அடுக்கு கேரியரில் சாப்பாடு வரும். அதன் கைப்பிடியில் ஒரு பக்கத்து ஊசி தொலைந்து போய், அம்மா நாடாவால் கட்டியிருப்பாள். மடியில் வைத்துக்கொண்டு போகும்போது பாகாலா வரைக்கும் அது கடகடவென்று ஆடும். "இத்த ஒரு நாளு நான் சரி பண்றேன் பாரு" என்பான் சம்பத் ஒவ்வொரு முறையும்.

பயிற்சி முடியும் தறுவாயில் எஞ்சினியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெஜவாடாப் பக்கத்துக்காரர், சுத்தமான தெலுங்கு பேசுவார். ஒரு ஃபிட்டர் இடம்தான் இருக்கிறது, உங்களில் ஒருவருக்கு என்றார். வெளியே வந்ததும் சம்பத் என் தோளில் கை போட்டு, "உனக்கே குடுப்பான். உன்னாண்ட வாய் இல்ல, தலவலி இல்ல" என்றான். எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. அந்த வருஷத்தோடு அம்மாவுக்குப் பள்ளிக்கூட வேலை முடிகிறது. வேலையோடு காம்பவுண்டு வீடும் போய்விடும். ஃபிட்டர் ஆனால் கம்பெனி லைனில் ஒரு வீடு கிடைக்கும், அவளை அங்கே கூட்டிவந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அது சம்பத்துக்கும் தெரியும். "அம்மா லைனுக்கு வந்துட்டா நம்ம ரூமு மெஸ்ஸுக்கு விடுதலை" என்று அவனே சொல்லியிருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திரத்துக்கு. வேதாச்சலம் மேஸ்திரி திருத்தணிக்காரர்.

"மேஸ்திரி, உங்க ஊர குடுத்துட்டு எங்க ஊர வாங்கிக்கினாங்க. யாருக்கு லாபம்?" என்றான் சம்பத்.

"உங்க வேர்க்கடலைக்கு எங்க முருகனையே தூக்கி குடுத்துட்டாங்களே நைனா, அதுக்கு மேல இன்னா லாபம் வோணும் உங்களுக்கு?"

எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே முடுக்கியிருந்த நட்டை மறுபடியும் முடுக்கினார்.

"இனிமே நான் பக்கா ஆந்திராக்காரன்டா. அம்மாக்கும் சங்கடம் தீந்துச்சு" என்று அறையில் சம்பத் பாயில் படுத்தபடி சொன்னான். அவன் சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்தான்.

விபத்து அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நடந்தது.

பெரிய பிரஸ்ஸின் மேல்தலை தேய்ந்த புஷ் வளையம் ஒன்றால் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, தலையைச் சங்கிலியில் தாங்கி நிறுத்தியிருந்தோம். சங்கிலியில் சம்பத். நான் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சால் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக் கொடுக்க வேண்டிய கட்டை என் கையில் இருந்தது. மேஸ்திரி, "கொஞ்சமா எறக்கு" என்றார். சங்கிலி கிளிக் கிளிக் என்று நகர்ந்தது. போதும் என்பதற்கு இடக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வலக் கையை இடுக்கில் விட்டுப் புஷ்ஷைத் தடவிப் பார்த்தார். சங்கிலி நிற்கவில்லை.

நான் "ஆப்பு!" என்று கத்தினேன். கிளிக் என்றது. மறுபடியும் கத்தினேன். தலையைத் திருப்பிச் சம்பத்தைப் பார்த்தேன். அவன் கைகள் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தன; முகம் வாசல் பக்கம் இருந்தது. வாசலில், யாரோ பெரிய மனிதருக்குப் போகிற புதுக் காருக்கு மாலை போட்டு, ஆரன் அடித்தபடி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அலறிய பிறகுதான் அவன் திரும்பினான்.

மேஸ்திரிக்கு இரண்டு விரல்கள் போயின.

அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குழாயடியில் நாங்கள் இரண்டு பேரும் கை கழுவினோம். சம்பத்தின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டேன்.

"எனக்கு கேக்கவே இல்ல சாந்து. சத்தியமா கேக்கல. கார பாத்துக்கினு இருந்துட்டேன். அவன் வேற ஆரன் அடிச்சிக்கினே இருந்தான்."

"இன்ஜினியர் கேட்டா?"

"சொல்லிடறேன். இப்டியே சொல்லிடறேன். வேல பூட்டா பூட்டும்."

"நானும் உன்கூட நிக்கறேன்" என்றேன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சிந்தினான்.

எஞ்சினியர் அறையில் விசாரணை. அவர் மேசைக்குப் பின்னால், நாங்கள் இருவரும் எதிரே நின்றபடி. ஜன்னலுக்கு வெளியே மரப்பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் சம்பத்தைக் கேட்டார். கத்தினது காதில் விழுந்ததா?

"விழுந்தது சார்" என்றான் சம்பத் தெலுங்கில்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் எஞ்சினியரின் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன விழுந்தது?"

"ஆப்பு என்று விழுந்தது சார்."

"பின்னே ஏன் நிறுத்தவில்லை?"

"வாடு அரவாடு சார்."

எங்கள் பக்கத்துத் தெலுங்கர்கள் தமிழனைச் சொல்லும் சொல் அது. கடைத்தெருவில் சண்டையில் கேட்டிருக்கிறேன், பிள்ளைகள் விளையாட்டில் கேட்டிருக்கிறேன். அவன் அரவாடு சார். சம்பத் நிதானமாக விளக்கினான். அரவத்தில், அதாவது தமிழில், ஆப்பு என்றால் மரக்கட்டை. கட்டையும் அவன் கையில்தான் இருந்தது. முட்டுக் கொடுத்துவிட்டேன், பாரத்தை இறக்கு என்று சொல்வதாக நினைத்து இறக்கினேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவனுக்கு இந்தக் குழப்பம் உண்டு, ஒரு முறை ரங்கன் நிறுத்தச் சொன்னதற்கு மர ஆப்பை எடுத்துக்கொண்டு ஓடினான், ஃபாக்டரிக்கே தெரியும், அவனுக்குப் பேரே ஆப்பு சார்.

எஞ்சினியரின் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று. அவருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது.

"நீ?" என்று அவனைக் கேட்டார்.

"நேனு மனவாடினே சார்." நான் நம்ம ஆள்தான் சார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லிக் கத்தினாய்?

"ஆப்புன்னு சார்."

"ஏ பாஷலோ?"

எந்த மொழியில். இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனுடைய விரல்களுக்கு மேல் இரும்பு இறங்குவதைப் பார்த்துக் கத்தியபோது நான் எந்த மொழியில் கத்தினேன்? தொண்டையில் எது இருந்ததோ அது வந்தது. அங்கே நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன். ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டுக்கொண்டிருந்தன. என் வழக்கமான மௌனம் அன்று என்னைக் கவ்விக்கொண்டது. அது நீள நீள, என்னை எதிர்த்துச் சாட்சி சொல்கிற மூன்றாவது ஆள் ஒருவர் அறையில் நிற்பதுபோல் எனக்கே தெரிந்தது.

"வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று மாற்றிக் கேட்டார்.

"தமிழ் சார்."

தலையை ஆட்டினார்.

"எங்க பிரிவுல மரத்துக்கு கட்டைன்னுதான் சொல்லுவோம் சார். ஆப்புன்னா நிறுத்துன்னு மட்டும்தான். இவன்தான் அப்படி வெச்சான்" என்றேன் கடைசியில்.

எஞ்சினியர் சம்பத்தைப் பார்த்தார். அப்படி ஓர் ஏற்பாடு உண்டா?

"அட்லாண்டிதி ஏமீ லேது சார்" என்றான் சம்பத். அப்படி ஒன்றும் இல்லை.

மேஸ்திரி தேறி வந்து வேறு மாதிரிச் சொன்னால் பார்க்கலாம், இல்லையென்றால் உன் பயிற்சி முடிந்ததாக வைத்துக்கொள் என்று என்னிடம் சொல்லி அனுப்பிவிட்டார். வராந்தாவில் சம்பத் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். நான் கூப்பிடவில்லை. அவனே நின்றான்.

"தெலுங்குல பேசறப்ப அப்டி வந்துச்சுடா. அவனாண்ட அப்டி சொன்னாதான் புரியும்."

அரவாடு என்று சொன்னதைச் சொல்கிறான். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவன் சித்தூர்க்காரன் அல்ல, பொய் விலாசம் கொடுத்துச் சேர்ந்தவன் என்று திரும்பிப் போய் எஞ்சினியரிடம் சொல்லலாமா என்று அப்போது தோன்றியது. இரண்டடி திரும்பவும் செய்தேன். ஆனால் சத்தியவேடு இப்போது ஆந்திரத்தில் இருந்தது. எல்லைக்கோடு அவனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் சொன்ன பொய்யை அரசாங்கமே மெய்யாக்கிக் கொடுத்துவிட்டது. நான் சொன்னால் என் அம்மா மட்டும்தான் பொய்க்காரியாக மிஞ்சுவாள்.

மேஸ்திரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் பெரிய கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கிருஷ்ணம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா நைனா. குந்து. இவளாண்ட சொல்லு, நான் எடது கைலயும் துன்னுவேன்னு. ஊட்டி ஊட்டி கொல்றா."

"ஊட்டலன்னா சட்டையெல்லாம் கொட்டிக்கிறாரு தம்பி. கட்டு போட்டது கைக்குத்தான், வாய்க்கு இல்ல. அது மட்டும் ஓயாம பேசிக்கினே கீது" என்றாள் கிருஷ்ணம்மா.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டையை விரலில் வாங்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான மேஸ்திரி பேர் வெச்சீங்க. மூணு தரம் காதுல சொன்னீங்க. இன்ஜினியர்கிட்ட அத்த மட்டும் சொல்லுங்க போதும்."

"நைனா, திருத்தணி இப்ப எங்க கீது?"

"மெட்ராஸ்ல."

"ஆங். அப்ப நான் யாரு இங்க?"

கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"பையன் பராக்கு பாத்தான்னு நான் சொன்னா, பராக்கு பாக்கற பையன சங்கிலில யாரு நிக்க வெச்சதுன்னு கேப்பான். ரெண்டு வெரலு இல்லாத மெட்ராஸ்காரன வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னும் கேப்பான். வார்த்த மாறிப்போச்சுன்னா யாரு மேலயும் குத்தம் இல்ல. எனக்கு ஸ்டோர்ல குந்திக்கினு செய்யிற வேல தர்றேன்னு சொல்லிக்கீறான்."

"குத்தம் என் மேல வருதே மேஸ்திரி."

"உன் மேல இல்ல நைனா. உன் பாஷை மேல."

கிருஷ்ணம்மா உரித்த சுளைகளை என் கையில் வைத்தாள். "இந்தா தம்பி, சாப்டு" என்றாள், அவருடைய முகத்தைப் பார்க்காமல். நான் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

சம்பத்துக்கு ஃபிட்டர் வேலை கொடுத்தார்கள். பட்டறையில் இனி யாரும் ஆப்பு என்று கத்தக் கூடாது, ஸ்டாப் என்றுதான் கத்த வேண்டும் என்று எஞ்சினியர் உத்தரவு போட்டார். நான் என் துணிகளையும் புத்தகங்களையும் கட்டியபோது சம்பத் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அறையில் இத்தனை காலம் பேசிக்கொண்டே இருந்தவன் அன்று வாய் திறப்பதற்கு வெகுநேரம் பிடித்தது.

"உனக்கு சித்தூர்ல அம்மா கீறாங்க. சர்ச்சு கீது. கேட்டா யார்னா வேல போட்டு குடுப்பாங்க. எனக்கு இன்னா கீது சொல்லு. வேர்க்கடல."

நான் புத்தகங்களைக் கயிற்றால் கட்டினேன்.

"எதுனா பேசுடா. திட்டவாவது திட்டு."

முடிச்சை இறுக்கினேன். திட்டுவதற்கு எந்த மொழியை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா கேட்டா..." என்று தொடங்கினான்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். சித்தூர் பஸ்ஸில் பாதிக்கு மேல் காணிப்பாக்கம் போகிறவர்கள். மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளாக இருந்தன. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி வளைந்து வெளியே வந்து, சாலையில் வேகம் எடுக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஆப்பு! ஆப்பு! ஆப்பண்ணா!"

டிரைவர் உடனே பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் முன்னால் சாய்ந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் தமிழில், "யாரோ பாவம் ஓடியாறாங்க" என்றாள். பஸ்ஸில் பாதிப்பேர் தமிழர்கள். ஒருவரும் மரக்கட்டை தேடவில்லை.

சம்பத் ஓடிவந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றான். கையில் எங்கள் வீட்டு அடுக்கு கேரியர். நான் அறையிலேயே மறந்து விட்டுவிட்டு வந்திருந்தேன். மூச்சு வாங்கியபடி அதைத் தூக்கி நீட்டினான். நான் வாங்கினேன். கைப்பிடி ஆடவில்லை. நாடா இல்லை, அந்த இடத்தில் கடைசலில் கடைந்த புது ஊசி, முனை மழுங்க அரம் போட்டு, பளபளவென்று இருந்தது. எப்போது செய்தானோ.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எஞ்சினியர் அறையில் கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது நேராகப் பார்த்தான். தான் என்ன சொல்லிக் கத்தி இந்த பஸ்ஸை நிறுத்தினோம் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று தெரிந்தது.

"இன்னாடா, கட்டை வேணுமா?" என்றேன்.

அவன் வாய் திறந்தது. மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. கன்னத்தில் அறைபட்டவன்போல் ஒரு அடி பின்னால் போனான்.

"ஏமய்யா, அய்ப்போயிந்தா?" என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டார். முடிந்ததா என்று.

"ஆயிடுச்சு" என்றேன்.

கண்டக்டர் ரைட் கொடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாகாலா தாண்டியும் மடியில் கேரியர் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டு வாசலில் நிற்கும் அம்மா, முதலில் என்னையும் பிறகு எனக்குப் பின்னால் இருக்கும் வெற்று வழியையும் பார்ப்பாள். சம்பத் வரலையா என்று கேட்பாள். பிறகு இந்தக் கைப்பிடியைப் பார்ப்பாள். பார்த்ததும் சிரிப்பாள், சொன்ன மாதிரியே சரி பண்ணிட்டானே எங்க வீட்டுப் பையன் என்று.

கேரியரின் புது ஊசியைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். நன்றாக அடித்து இறக்கியிருந்தான். வரவில்லை.